ஏரியில் போட்ட காணிக்கை

திருமலையில் தரிசன வரிசை நகர நகர, உள்சுற்றுச் சுவர்களில் வரிவரியாக எழுத்து கண்ணில் படும். உற்றுப் பார்த்தால் பழைய தமிழ். ஒரு சொல்லைக் கூட்டிப் படிப்பதற்குள் பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்ற கேள்வியோடு மலையிறங்கிய யாத்திரிகர்கள் ஏராளம். பாசுரமாக இருக்கும் என்பார் ஒருவர். ராஜாக்களின் புகழாக இருக்கும் என்பார் இன்னொருவர்.

பெரும்பாலும் அது வரவு செலவுக் கணக்கு. இன்னார், இந்த ஆண்டில், இவ்வளவு கொடுத்தார். அதைக்கொண்டு தினமும் இத்தனை நாழி அரிசி, இவ்வளவு நெய், இவ்வளவு பயறு, இவ்வளவு மிளகு. ஆக்கிய சோற்றில் யார் யாருக்கு எத்தனை பங்கு. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. மிகப் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. 1930களில் தேவஸ்தானம் இவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி என்ற கல்வெட்டு அறிஞர் சுவர் சுவராக நின்று படியெடுத்துப் படித்த உழைப்பு அதன் அடித்தளம்.

அந்தக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் 'சந்திராதித்தவரை'. சந்திரனும் சூரியனும் இருக்கும் காலம் வரை இந்தத் தருமம் நடக்க வேண்டும் என்று பொருள். கொடுத்தவர் இருபது முப்பது வருடத்தில் இறந்துவிடுவார். கொடுத்ததோ ஒரே ஒரு முறை. சோறு மட்டும் தினமும் பொங்க வேண்டும், என்றென்றைக்கும். அது எப்படி நடக்கும்?

நம் ஊர்க் கோயில்களில் இன்றும் 'நிரந்தரக் கட்டளை' எழுதுகிறோம். 1960இல் ஒருவர் நூறு ரூபாய் கட்டி, ஆண்டுதோறும் தன் தாயார் பெயரில் அர்ச்சனை நடக்க ஏற்பாடு செய்திருந்தால், அந்த நூறு ரூபாயின் வட்டியில் இன்று ஒரு முழம் பூ வாங்குவதே கஷ்டம். பணம் அங்கேயேதான் இருக்கிறது, அதன் வாங்கும் சக்தி போய்விட்டது. திருவேங்கட மலையடிவாரத்து மக்கள் இதே சிக்கலுக்கு நூற்றாண்டுக்கணக்கில் விடை தேடினார்கள். ஒவ்வொரு விடையும் கல்லில் பதிவாகியிருக்கிறது.

சாவா மூவா ஆடுகள்

முதலில் விளக்கு. இரவும் பகலும் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்குத் தினமும் நெய் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு வைத்தார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். திருமலையில், அந்த வட்டாரத்தை ஆண்ட யாதவராயர்கள் காலத்தில் ஒரு விளக்குக்கு 32 பசுக்களும் ஒரு காளையும்.

கொடுப்பது நெய் அல்ல, நெய்யை உண்டாக்கும் மந்தை. கிழடு சாகும், கன்று பிறக்கும், எண்ணிக்கை மாறாது. இதைத்தான் சோழர் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று அழைத்தன. மந்தை பெருகினால் அந்தப் பெருக்கம் மேய்ப்பவருக்கு. அவருக்கும் லாபம் இருந்ததால்தான் ஏற்பாடு நின்றது. பலவீனமும் அதே இடத்தில்தான்: ஒரு கடும் பஞ்சமோ கோமாரியோ வந்தால் மொத்த முதலும் ஒரே பருவத்தில் அழிந்துபோகும்.

இருபத்து நான்கில் இரண்டு

அடுத்த வழி பொன். ஒரு ஊர்ச் சபையிடம் பொன்னைக் கொடுத்துவைப்பார்கள். சபை அதை ஊருக்குள் பயன்படுத்தி, வட்டிக்கு ஈடாக விளக்கெரிக்கும். அந்த வட்டிக்குக் கல்வெட்டுத் தமிழில் பொலிசை என்று பெயர்.

மலைமேல் அப்போது காடும் கோயிலும்தான். நிலம், பணம் எல்லாம் கீழே சமவெளியில் இருந்தன. அவற்றைக் கவனித்தவை ஊர்ச் சபைகள். முதலாம் ராஜேந்திர சோழனின் ஏழாம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1019இல், கொற்றமங்கலமுடையான் என்ற அதிகாரி திருமுண்டியத்தில் உட்கார்ந்து விசாரணை நடத்தினார். அந்த ஊர்ச் சபையார் 23 பொன் பெற்றுக்கொண்டு, ஒரு கற்பூர விளக்கு உட்பட 24 விளக்குகள் திருமலையில் எரிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். விசாரித்ததில் எரிந்தவை இரண்டே இரண்டு. பொன்னைக் கோயிலின் ஸ்ரீபண்டாரத்திலேயே, அதாவது கருவூலத்திலேயே, செலுத்த வேண்டும், விளக்குகளைக் கோயிலே எரிக்க வேண்டும் என்று அதிகாரி தீர்ப்பளித்தார்.

இந்தச் சிறிய தணிக்கையைத் திருப்பதி வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். போர்களும் முடிசூட்டுகளும் பாடப்புத்தகத்தில் இடம்பிடிக்கின்றன. ஆனால் அடுத்த ஐந்நூறு ஆண்டுகளில் இந்தக் கோயில் எப்படி வளர்ந்தது என்பதற்கு, முதலைக் கோயிலே கையில் வைத்து நடத்தும் இந்த வழக்கம்தான் அடிப்படை.

ஒரு குறை மீதமிருந்தது. பசு கன்று போடும். பண்டாரத்துப் பெட்டியில் கிடக்கும் பொன் ஒன்றும் போடாது. அதைப் பெருகவைக்க ஓர் இடம் வேண்டும்.

மலை நிறுத்தாத தண்ணீர்

அந்த இடத்தைப் புரிந்துகொள்ளப் பாறையைப் பார்க்க வேண்டும். திருமலைக்குப் போகும் மலைப்பாதையில் ஓரிடத்தில் சாலையோரப் பாறை இரண்டு அடுக்காகப் பிரிந்து தெரியும். கீழே மிகப் பழைய கருங்கல் இனம். மேலே குவார்ட்சைட், அதாவது பழங்கால மணல் இறுகி உண்டான கடினப் பாறை. இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன, ஆனால் அவற்றுக்கு இடையே விடுபட்டுப்போன காலம் சுமார் 80 கோடி ஆண்டுகள். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

அந்தக் கடின மேல்பாறை மழையை அதிகம் குடிப்பதில்லை. பழைய சித்தூர் மாவட்டப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவங்களிலும் மழை உண்டு. அளவு மோசமில்லை, ஆனால் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மலைமேல் விழுந்தது கபில தீர்த்தத்தில் அருவியாகக் குதித்து, ஓடைகளில் பாய்ந்து, சுவர்ணமுகி வழியாகக் கடலுக்குப் போய்விடும். ஆண்டின் பெரும்பகுதி ஆறு வெறும் மணல். கீழே சமவெளியிலும் கருங்கல். மேலே மெல்லிய மண், அடியில் வெடிப்புகளில் மட்டும் ஊறும் நீர். கிணற்றை மட்டும் நம்பி நெல் விளைவிக்க முடியாது. ஓடுகிற நீரை ஓடும்போதே மறித்தாக வேண்டும்.

அதனால் ஏரி. தெலுங்கில் செருவு. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும் பிறை வடிவில் ஒரு மண்கரை. தண்ணீரைத் திறந்துவிட மதகு. நிரம்பினால் மிகையை வெளியேற்றக் கலங்கல். அந்த மிகை நீர் அடுத்த ஏரிக்கு வரவு. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் வழியில் பனைகளும் புளியமரங்களும் நிற்கும் நீண்ட மேடுகள் தெரியுமே, அவற்றில் பல இத்தகைய கரைகள்தாம்.

ஒரு ஏரியின் சோற்றுக் கணக்கு

பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில், சந்திரகிரியில் சாளுவ நரசிம்மன் அதிகாரம் செலுத்திய காலம் தொடங்கி விஜயநகர அரசர்கள் காலம் முழுவதும், திருமலைக் கல்வெட்டுகளில் ஒரே மாதிரியான ஏற்பாடு குவிகிறது. இன்னார் ஸ்ரீபண்டாரத்தில் இவ்வளவு பணம் செலுத்தினார். அந்தப் பணத்தைத் திருவிடையாட்ட ஊர்களில், அதாவது பெருமாளுக்கு விடப்பட்ட ஊர்களில், ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிட வேண்டும். அதனால் விளையும் கூடுதல் விளைச்சலைக் கொண்டு நாள்தோறும் இத்தனை திருப்போனகம், அதாவது நைவேத்தியச் சோறு, படைக்க வேண்டும். அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் இந்தக் கல்வெட்டுகளைச் சேர்த்து வைத்துப் படித்து, இடைக்காலத் திருப்பதிக் கோயில் அந்த வட்டாரத்தின் வேளாண்மையை வளர்த்த முதலீட்டாளர் என்று காட்டினார்.

இது எப்படி வேலை செய்திருக்கும்? ஒரு ஏரியைக் கற்பனை செய்துகொண்டு கணக்குப் போடுவோம். எண்கள் என்னுடையவை, எளிமைக்காக வைத்தவை. போக்கைக் காட்ட இவை போதும்.

நம் ஏரியின் நீர்ப்பரப்பு 50 ஏக்கர், சராசரி ஆழம் 5 அடி. ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீரை ஓர் 'ஏக்கர்-அடி' என்போம். ஏரியில் 250 ஏக்கர்-அடி இருக்கிறது. வெயில் குடிப்பதும் மண்ணில் கசிவதுமாக 100 போய்விடும் என்று வைப்போம். வயலுக்கு மீதி 150.

நெல்லுக்கு நாற்று முதல் அறுப்பு வரை சுமார் 4 அடித் தண்ணீர் வேண்டும். அதில் ஓர் அடியைப் பயிர்க்காலத்து மழையே கொடுத்துவிடும். ஏரி தர வேண்டியது 3 அடி. ஆக 150 ஏக்கர்-அடியில் 50 ஏக்கர் நெல் விளையும்.

ஏரி வருவதற்கு முன் அந்த 50 ஏக்கரும் மானாவாரிக் காடு. கேழ்வரகோ கம்போ, ஏக்கருக்கு 200 கிலோ நெல்லின் மதிப்புக்கு விளைந்தது என்று கொள்வோம். ஏரிப் பாசனத்தில் 600 கிலோ. ஏக்கருக்குக் கூடுதல் 400. ஐம்பது ஏக்கருக்கும் 20,000 கிலோ. இது முன்பு இல்லாத விளைச்சல்.

இதில் பாதி உழுதவருக்குக் குடிவாரம், பாதி கோயிலுக்கு மேல்வாரம். கோயிலுக்கு வந்த 10,000 கிலோவில் கரை பார்க்கவும் மதகு திருத்தவும் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் 8,000 கிலோ நெல். குத்தினால் மூன்றில் இரண்டு பங்கு அரிசி. சுமார் 5,300 கிலோ. ஆண்டின் 365 நாளுக்கும் பிரித்தால் நாளொன்றுக்குப் பதினாலரைக் கிலோ. ஓர் ஆளுக்கு 300 கிராம் என்றால் ஏறத்தாழ 48 பேருக்குத் தினமும் சாப்பாடு.

இந்தக் கணக்கில் நான் நின்று பார்க்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, இந்தச் சோறு எந்த விவசாயியின் பழைய பங்கிலிருந்தும் பிடுங்கப்படவில்லை. உழுதவருக்கு முன்பு கிடைத்ததும் நிற்கிறது, கூடுதலாகவும் வருகிறது. இரண்டாவது இன்னும் முக்கியம். கொடுத்தவர் வாக்களித்தது அரிசி. ஏரி திருப்பித் தருவதும் அரிசி. நடுவில் பணமே இல்லை. நெல் விலை ஏறட்டும், நாணயம் தேயட்டும், அரசு மாறட்டும், மதகு திறந்தால் வயலுக்குத் தண்ணீர் பாயும். 1960இல் கட்டிய நூறு ரூபாயைக் கரைத்த அந்த விலையேற்றத்துக்கு இங்கே வழியே கிடையாது.

ஒரு ஏரி உடைந்தால்? பல கல்வெட்டுகள் குறிப்பிட்ட ஓர் ஏரியைச் சொல்லாமல் 'திருவிடையாட்ட ஊர்களில்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தியதன் பயன் இங்கே தெரிகிறது. பலருடைய பணம் பல ஊர்களில் பரவியது. ஓர் ஊரில் கரை உடைந்த வருடம் இன்னோர் ஊரின் நெல் மலையேறியிருக்கும்.

விட்டவன் விழுக்காடு

படைத்த சோறு எங்கே போனது? அதையும் கல்லில் வரையறுத்தார்கள். பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையளித்தவருக்கு. இதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். தருமத்தை விட்டவனுடைய பங்கு. மீதி, தானத்தார் எனப்பட்ட கோயில் நிர்வாகிகளும் பல்வேறு ஊழியக்காரர்களும் பிரித்துக்கொள்வது. அளக்கும் மரக்காலுக்கும் பெருமாள் பெயரே: 'மலைகுனிய நின்றான் கால்'.

நம் கற்பனை ஏரியில் விட்டவன் விழுக்காடு தினம் சுமார் மூன்றரைக் கிலோ அரிசிச் சோறு, பன்னிரண்டு பேர் சாப்பிடலாம். கொடுத்தவர் அதைத் தன் குடும்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரு மடத்துக்கு எழுதிவைக்கலாம், மலையேறி வரும் ஏழை யாத்திரிகர்களுக்குப் போடச் சொல்லலாம். சாளுவ நரசிம்மன் இராமாநுச கூடம் என்ற அன்னசத்திரங்களை ஏற்படுத்தி, தன் பங்கை அங்கே சேர்த்தான். கந்தாடை இராமாநுசையங்கார் அவற்றை நடத்தினார். கொடையாளிகளின் பட்டியலும் அரசர்களோடு நின்றுவிடவில்லை. வணிகர், கோயில் அதிகாரிகள், ஆசாரியர்கள், கோயில் ஆடல் மகளிர் என்று பலரும் அதில் இருக்கிறார்கள்.

1514இல் கிருஷ்ணதேவராயர் 30,000 பொற்காசுகளால் பெருமாளுக்குக் கனகாபிஷேகம் செய்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவரும் இரண்டு தேவியரும் கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகளை இன்றும் வாசலருகே பார்க்கிறோம். ஆனால் அடுப்பு அணையாமல் எரிந்தது, ஏரிக்கென்று சிலநூறு பணம் கட்டிப்போன இந்த ஆட்களாலும்தான். அவர்களுக்குச் சிலை இல்லை. சுவரில் சில வரிகள் இருக்கின்றன.

வடகடல் தீவில் ஒரு தேவாலயம்

ஒருமுறை கொடுத்து என்றென்றைக்கும் பெறுவது என்ற யோசனை நம் நாட்டோடு முடிவதல்ல. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்வே நாட்டுப் பிரபுக்களின் ஆட்சியில் இருந்தன. கொலையுண்டு புனிதராகப் போற்றப்பட்ட தன் மாமன் மாக்னஸின் பெயரில், பிரபு ரோக்ன்வால்ட் 1137இல் கிர்க்வால் ஊரில் ஒரு பேராலயம் எழுப்பத் தொடங்கினார். பாதியில் பணம் தீர்ந்தது. அந்தத் தீவுகளின் வரலாற்றைச் சொல்லும் பழைய நூல் அதற்குக் கிடைத்த வழியையும் சொல்கிறது: குடியானவர்கள் தலைமுறைதோறும் தம் நிலத்தைப் பிரபுவிடமிருந்து மீட்க வேண்டியிருந்தது, இனி ஓர் ஏர் நிலத்துக்கு ஒரு மார்க் என்று ஒரே ஒருமுறை செலுத்திவிட்டால் நிலம் என்றென்றைக்கும் அவர்களுடையது. மக்கள் செலுத்தினார்கள். சிவப்பும் மஞ்சளுமான மணற்கல் சுவர்கள் மேலே எழுந்தன. 1486இல் ஸ்காட்லாந்து மன்னர் அந்த ஆலயத்தை ஊர் மக்களிடமே ஒப்படைத்தார்.

இராமானுசர் திருப்பதியில் கோவிந்தராசரை எழுந்தருளச் செய்ததாக வைணவ மரபு சொல்லும் காலமும், ஏறக்குறைய அந்தப் பேராலயம் எழத் தொடங்கிய காலமே. கிர்க்வாலில் மக்கள் தந்த பணம் முழுக்கச் சுவராகியது. அதற்கு ஈடாக அவர்கள் பெற்றது நில உரிமை. இங்கே பணத்தின் ஒரு பகுதி சுவராகி, இன்னொரு பகுதி கரையும் கால்வாயுமாகி வயலுக்குப் போனது.

கல்லைப் பெயர்த்தால் படியெடு

ஒப்பந்தம் நிலைக்க ஏரி மட்டும் போதாது, பத்திரமும் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில், வீரநரசிங்க யாதவராயன் காலத்தில், திருமலைக் கருவறைப் பகுதியைப் புதுப்பித்தார்கள். திருப்புல்லாணி தாசர் என்பவர் முன்னின்ற பணி அது. பழைய சுவரைப் பெயர்த்தால் அதிலுள்ள கல்வெட்டுகளும் போய்விடும் என்பதால் அவற்றைப் புதுக் கல்லில் மறுபடி வெட்டினார்கள்.

பல்லவர் மரபுத் தேவி சாமவை பெருமாளுக்கு வெள்ளித் திருமேனி செய்தளித்து, விழாக்களுக்கு நிலமும் விட்ட செய்தி அப்படிப் படியெடுத்துக் காப்பாற்றப்பட்டதே. பலரும் அதன் காலத்தை கி.பி. 966 என்று கொள்கிறார்கள். போக ஸ்ரீநிவாசர் என்று நாம் வணங்கும் அந்த வெள்ளித் திருமேனிதான் இன்றும் இரவில் ஏகாந்த சேவையில் ஊஞ்சலில் சயனிக்கிறது.

வண்டல்

ஏரி முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒவ்வொரு மழையும் மலையிலிருந்து மண்ணைக் கொண்டுவரும். நம் 50 ஏக்கர் ஏரியில் ஓர் அடி வண்டல் படிந்தால் 50 ஏக்கர்-அடி போய்விடும். கொள்ளளவில் ஐந்தில் ஒன்று. தூர் வாருவதை ஒரு தலைமுறை மறந்தால் தினசரிச் சோறும் அதற்கேற்பக் குறையும். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் தளர்ந்தது; கொடைக் கல்வெட்டுகளும் அருகின. 1801இல் கோயில் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது, 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் போனது, 1933இல் தேவஸ்தானம் அமைந்தது. காணிக்கை மறுபடி பணமாகவே வந்து, பணமாகவே நிற்கத் தொடங்கியது.

ஏரிகள் போய்விடவில்லை. திருப்பதிக்கு அருகே ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் உள்ள ராயலசெருவு, விஜயநகரக் காலத்தில் கட்டியது என்று அந்த வட்டாரம் முழுக்கச் சொல்லும். 2021 நவம்பரில் பெருமழை பெய்து திருப்பதித் தெருக்களே ஆறாக ஓடியபோது, அந்த ஏரி விளிம்புவரை நிரம்பியது. கரையில் ஓரிடத்தில் மண் கசியத் தொடங்கியது. கீழுள்ள ஊர்களில் இருந்தவர்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். மணல் மூட்டைகளை அடுக்கினார்கள், மிகை நீரை வெளியேற்றினார்கள், இரவும் பகலும் கரைமேல் ஆள் நின்றது. கரை உடையவில்லை. அந்த ஒரு வாரம் மண் வெட்டியும் மூட்டை சுமந்தும் செய்த வேலையைத்தான், திருமலைச் சுவர்கள் பணத்தோடும் ஊரோடும் அளவோடும் எழுதிவைத்து, ஆண்டுதோறும் நடக்க வேண்டும் என்று கேட்டன.